கருப்பர் காட்டிய ஊர்

சொந்தக்காரர் ஒருத்தர்கூட இல்லாத ஊருக்கு என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போவது என்று நான் தீர்மானம் செய்தபோது, கடையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் தடுத்திருப்பார்கள். தடுக்க ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் மனுஷனுக்கு இந்த மாதிரித் தீர்மானமெல்லாம் தோன்றித் தொலைக்கிறது.

என் பெயர் முத்தரசு. பெயரில் முத்தும் இருக்கிறது, அரசும் இருக்கிறது. வீட்டில் அந்த ரெண்டும் என் மனைவி நாச்சியாரிடம் இருக்கிறது. காரைக்குடியில் பம்புசெட் மோட்டார் விற்கிறேன். எந்தக் கிணற்றுக்கு எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்று கிணற்றைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். என் வீட்டில் எனக்கு எத்தனை சக்தி என்று யாராவது கேட்டால் டீ சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் மீனுதான் இதை ஆரம்பித்து வைத்தாள்.

"அப்பா, கல்யாண நாளுக்கு உங்களுக்கும் அம்மாவுக்கும் என்னோட பரிசு. நாலு நாளு வெளிநாடு. எந்த ஊருன்னு மட்டும் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

பேசி முடிவு பண்ணுவதாம்! பெற்ற பெண்ணே கிண்டல் செய்தால் யாரிடம் போய் அழுவது?

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். காரணம் இருக்கிறது. கல்யாணமான புதுசில் நானும் நாச்சியாரும் கொடைக்கானல் போனோம். நானும் நாச்சியாரும் என்பது ஒரு பேச்சுக்கு. வேன் பிடித்தார் அப்பா. வேன் என்று பிடித்த பிறகு இடம் சும்மா போகலாமா? என் அப்பா, அம்மா, அத்தை, நாச்சியார் வீட்டு ஆட்கள், வழியில் பசிக்குமே என்று ஒரு அண்டா புளியோதரை. எல்லாருமாக ஏரிக்குப் போனோம். படகில் ஏறி நான் நாச்சியாரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சரியாக அந்த நேரம் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள் என் கொழுந்தியாள் அனுசுயா. அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. "அத்தான், அது என்ன மரம்? அத்தான், மீனெல்லாம் எங்க தூங்கும்?" என்று கரைக்கு வரும்வரை கேள்வி. மீன் எங்கே தூங்கினால் எனக்கென்ன? நான் எங்கே தூங்குவது என்றே அன்றைக்கு முடிவாகவில்லை. கடைசியில் அப்பாவுக்கும் புளியோதரை அண்டாவுக்கும் நடுவில் படுத்தேன்.

அதற்கப்புறம் பிள்ளை, கடை, காதுகுத்து, கல்யாணம், கருமாதி என்று காலம் ஓடிப்போச்சு. சொன்னால் சிரிப்பீர்கள், நானும் என் பெண்டாட்டியும் மட்டுமாக எங்கேயாவது உட்கார்ந்து நிம்மதியாக ஒரு டீ குடித்ததில்லை. வேறு யாராவது எப்போதும் கூட இருப்பார்கள். இல்லாவிட்டால் போனில் இருப்பார்கள்.

ஆகவே தீர்மானம். நாலு நாள். நான், அவள், ஒரு படகு. நடுவில் யாரும் கிடையாது.

ஆனால் அப்படி ஒரு ஊர் உலகத்தில் இருக்க வேண்டுமே? எங்கள் பக்கத்து ஆட்கள் போகாத ஊர் ஏது? பக்கத்து வீட்டுத் தேனம்மை ஆச்சிக்கு இந்த விவரமெல்லாம் அத்துப்படி. எந்த நாட்டில் எந்த வீட்டுப் பிள்ளை இருக்கிறது, அதற்கு எந்தப் பலகாரம் பிடிக்கும் என்பது வரைக்கும் சொல்லுவார். நைசாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆச்சி, கோலாலம்பூர்ல நமக்கு யாராச்சும் இருக்காகளா?"

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீக? நம்ம தேனப்பன் இருக்கானே. போறவுக அவன் வீட்டுலதேன் தங்கணும். லாட்ஜுல தங்குனா மூஞ்சியில முழிக்கமாட்டான்."

"துபாய்?"

"ஒங்க சித்தப்பா மகன் மருதுபாண்டியே இருக்கானே. மறந்துட்டீகளா?"

மறக்கத்தான் பார்க்கிறேன், விடமாட்டேன் என்கிறார்களே!

"கொழும்பு?"

"தெருவுக்குத் தெரு நம்மாளு."

"ஜார்ஜியான்னு ஒரு நாடு…"

"நாகநாதன் பேரன் அங்கதேன் டாக்டருக்குப் படிக்கிறான். நல்லதாப் போச்சு, யாராச்சும் போறாகன்னா சொல்லுங்க. மாவுருண்டை குடுத்து விடணும்."

எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியாக ஒன்றைக் கேட்டேன். "ஹனோய்?"

ஆச்சி யோசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி யோசித்தார். "அதே நாட்டுல சைகோன்ல நம்மவுக கட்டுன கோயிலே இருக்கு தம்பி. ஆனா ஹனோய்ல… இல்லையே. ஒருத்தருமே இல்லையே. பாவம்."

அந்த 'பாவம்' என் காதில் தேனாகப் பாய்ந்தது. போனில் ஹனோயைத் தேடினேன். ஊர் நடுவில் ஏரி. ஏரியில் அன்னப் பறவை மாதிரி செய்த படகு. ரெண்டே ரெண்டு சீட்டு. மூன்றாவதாக ஒரு பூனைக்குட்டிகூட உட்கார முடியாது. அந்தப் படத்தை அன்றைக்கு எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. மோட்டார் வாங்க வந்தவர் "பேத்தி படமா?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போனால் நாச்சியார் ஏற்கனவே முடிவுபண்ணி வைத்திருந்தாள்.

"சிங்கப்பூர் போவோம்ங்க."

எனக்குப் பகீரென்றது. அனுசுயா இருப்பது சிங்கப்பூரில். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேள்வி கேட்பதையே உத்தியோகமாக்கிக்கொண்டுவிட்டாள். அவள் புருஷன், என் சகலை பாண்டிமுருகன், வாயைத் திறந்தால் மூட மறந்துபோகிற ஆள். சிங்கப்பூரில் குப்பையை எப்படி அள்ளுகிறார்கள் என்று போன தடவை ஊருக்கு வந்தபோது ஒரு மத்தியானம் பூராவும் எனக்கு விளக்கியவர். அவர்கள் வீட்டு ஹாலில் பாயை விரித்து, ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். இதற்கா பாஸ்போர்ட்டு?

"சிங்கப்பூர் வேணாம் நாச்சியா. ஹனோய் போவோம்."

"அது எங்குட்டு இருக்கு?"

"வியட்நாம்ல."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமே இல்ல!" என்றேன் பெருமையாக.

"யாருமே இல்லாத ஊருக்கு எதுக்குங்க போகணும்?"

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. 'உன்கூடத் தனியா நாலு நாளு இருக்கணும்.' இதில் என்ன கஷ்டம்? ஆனால் நரைத்த மீசையை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? சொன்னால் சிரித்துவிடுவாளோ என்று பயம். ஆகவே வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அங்க காபி நல்லாருக்குமாம்."

"காபியா? காபிக்காகவா வெளிநாடு? நான் போடுறது நல்லால்லையா?"

"ஐயோ, அதில்ல. குளு குளுன்னு இருக்குமாம்."

"அதில்லங்க, நான் சொல்றதைக் கேளுங்க. அனுசுயா போன்ல என்ன சொன்னான்னா, பள்ளிக்கூட லீவுல அவுக…"

"அனுசுயா பேச்சை எடுக்காதே!"

"இல்லங்க, அவுக வீடு…"

"அவ வீட்டுப் பேச்சையும் எடுக்காதே!"

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். நாச்சியார் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தினால் அதில் எனக்கு ஏதோ நஷ்டம் இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டாமா? புத்தி வேலை செய்யவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவள் முடிக்க விட்டிருந்தால்! இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

மீனுவோ தினமும் போன் செய்து "ஊரு முடிவாச்சா?" என்று நச்சரித்தாள். நாங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம். கடைசியில் நாச்சியார் சொன்னாள்:

"இது ஆகாதுங்க. கருப்பர் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்."

எங்கள் குலதெய்வம் கருப்பர். பள்ளத்தூர் போகிற வழியில் கோயில். எங்கள் வீட்டில் பெண் கொடுப்பது, நிலம் வாங்குவது எதுவானாலும் அவரைக் கேட்டுத்தான். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. ரெண்டையும் வாழையிலையில் தனித்தனியாகப் பொட்டணம் கட்டிச் சாமி காலடியில் போட வேண்டும். பூசாரி ஒன்றை எடுப்பார். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமியின் உத்தரவு. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

"ஒங்க ஊருக்கு வெள்ளை, சிங்கப்பூருக்குச் சிவப்பு. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள மல்லிகையும் செவ்வரளியும் வாங்கிப் பொட்டணம் கட்டி வைங்க," என்றாள்.

என்னையே கட்டச் சொன்னாள்! பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. நான் செவ்வரளியே வாங்கவில்லை. ரெண்டு பொட்டணத்திலும் மல்லிகையை வைத்து வாழைநாரால் இறுக்கிக் கட்டினேன்.

கோயிலுக்குள் நுழைந்து ரெண்டு பொட்டணத்தையும் ஒரு தட்டில் போட்டுச் சாமி காலடியில் வைத்தேன். எங்கள் கருப்பர் சாதாரண சாமி இல்லை. முறுக்கின மீசை, உருட்டின கண், கையில் ஓங்கின அருவாள். அப்படிப்பட்டவரிடம் போய்க் கள்ளாட்டம் ஆடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டேன். 'ஐயா, ஒரு நாலு நாளைக்குக் கண்டுக்கிறாதீக. திரும்பி வந்ததும் கிடா வெட்டிப்புடுறேன்.'

பூசாரி மலையாண்டி தட்டைக் குலுக்கினார். ஒரு பொட்டணத்தை எடுத்துப் பிரித்தார். மல்லிகை.

"வெள்ளை வந்திருக்கும்மா. உத்தரவு கெடச்சிருச்சு," என்றார்.

நான் ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்கு மட்டும் யாராவது பரிசு கொடுத்திருக்கலாம். பூசாரி இன்னொரு பொட்டணத்தைத் தூக்கிக் கூடையில் எறியப் போனார்.

"அய்யய்யோ, சாமி காலடியில கெடந்த பூவ எறியலாமா? இங்குட்டுக் குடுங்க!" என்று நாச்சியார் அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை. கோயில் பூவை விட்டுவிட்டு வருகிற பொம்பளை எங்கள் சீமையில் எங்கே இருக்கிறாள்? பைக்கில் திரும்பும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"அந்தப் பொட்டணத்தைக் குடு. நான் பையில வச்சுக்கிறேன்."

"நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"அரளி விஷம்பாக, நாச்சியா. கைப்பையில வைக்காத."

"உள்ள அரளிதேன் இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பைக் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "ரெண்டுல ஒண்ணு மல்லி வந்திருச்சுல்ல? மிச்சம் அரளிதானே?"

"ஆமால்ல. கணக்குல நீங்க கெட்டிதேன்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பொட்டணத்தைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, சேதி சொல்ல ஆச்சி வீட்டுக்குப் போனாள். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது. ஓடினேன். ஆச்சி வீட்டுச் சுவருக்கு வெளியே செவ்வரளி கொத்துக் கொத்தாகத் தொங்கும். எக்கி ஒரு கொத்தைப் பறித்தேன். திரும்பி வந்து மல்லிகைப் பொட்டணத்தை எடுத்து ஒளித்துவிட்டு, வாழையிலையில் அரளியை வைத்துப் புதுசாக ஒன்று கட்டினேன். வாழைநாருக்கு அப்போது எங்கே போவது? சட்டைப் பையில் மோட்டார் காயில் கட்டுகிற நூல் இருந்தது. அதையே ரெண்டு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டேன்.

நாச்சியார் திரும்பி வந்ததும் நானே கம்பீரமாகச் சொன்னேன். "அந்தப் பொட்டணத்தைத்தேன் பிரிச்சுப் பாரேன். மனசுல ஒரு சந்தேகம் இருக்கக்கூடாதுல்ல."

பிரித்தாள். சிவப்பாக அரளி. ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். நூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"கருப்பா! ஒம் மகிமையே மகிமை!"

என்ன பக்தி, என்ன பக்தி என்று நான் மெச்சிக்கொண்டேன். என்னை எதால் அடிப்பது?

அதன்பிறகு அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "சாமி சொன்னப்புறம் என்ன இருக்கு," என்றாள். மீனுவிடம் அவளே ஹனோய் என்று சொன்னாள். ரெண்டு நாள் விடாமல் முறுக்குப் பிழிந்தாள். சீடை, மாவுருண்டை, அதிரசம், தேன்குழல் என்று டின் டின்னாக நிரப்பினாள்.

"யாருக்கு இம்புட்டு? அங்குட்டுத்தேன் நமக்கு யாருமே இல்லையே?"

"நாம திங்க மாட்டோமா?"

நாங்கள் ரெண்டு பேரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து அதிரசம் தின்பதை மனசுக்குள் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திருச்சியில் விமானம் ஏறினோம். எனக்கு ஜன்னல், அவளுக்கு ஓரம், நடு சீட்டில் யாரும் வரமாட்டார்கள் என்று மீனு சொல்லியிருந்தாள். வந்தார். தேவகோட்டைக்காரர். மகனைப் பார்க்கக் கோலாலம்பூர் போகிறாராம். நாங்கள் விமானம் மாறுகிற வரைக்கும் எங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது கணக்குப் பார்த்ததில் எனக்கு ஒரு முறையில் மாமாவாக ஆகியிருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஹனோயில் இறங்கினால் வெயில் கொளுத்தியது. காரைக்குடி வெயில் தேவலை. "குளு குளுன்னு இருக்குங்க," என்று நாச்சியார் முந்தானையால் விசிறிக்கொண்டாள். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. தெருவில் போகிற வருகிற முகத்தையெல்லாம் பார்த்தேன். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. அடடா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்! ஓட்டல் வாசலில் டாக்ஸி நின்றது. கதவைத் திறந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தேன்.

"அத்தான்!"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். கொடைக்கானல் ஏரியில் மீன் எங்கே தூங்கும் என்று கேட்ட குரல்.

அனுசுயா ஓடி வந்தாள். பின்னால் சகலை பாண்டிமுருகன், அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக, ஏற்கனவே பேசிக்கொண்டே வந்தார்.

"பள்ளிக்கூட லீவுக்கு எங்குட்டாச்சும் போகணும்னு இருந்தோம் அத்தான். ஊருதான் முடிவாகல. அக்கா போன் பண்ணி, கருப்பரே ஹனோயைக் காட்டிட்டாருன்னு சொன்னா. நம்ம கருப்பரே சொன்ன ஊருன்னா விடுவோமா? ஒரே ஓட்டல்ல, ஒங்க ரூமுக்கு அடுத்த ரூமா அக்காவே கேட்டுப் போடச் சொல்லிட்டா!"

நான் திரும்பி நாச்சியாரைப் பார்த்தேன். அவள் அதிரச டின்னை எடுத்து அனுசுயாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனோம். நாலு பேரும்தான். அன்னப் படகுகள் வரிசையாக நின்றன. படத்தில் பார்த்ததைவிட அழகு. சகலையும் அனுசுயாவும் படகுச் சீட்டு வாங்கப் போனார்கள். ஊரை விட்டுக் கிளம்பினதிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக நானும் நாச்சியாரும் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"ஏன் நாச்சியா இப்படிப் பண்ணுன?"

"நான் என்ன பண்ணுனேன்? எல்லாம் கருப்பர் பண்ணுனது. அவரு பண்ணுன அற்புதத்தைச் சொல்லவா? கோயில் வாசல்ல செருப்பு மாட்டும்போதே என் கைப்பையில இருந்து கும்முன்னு மல்லி வாசம் வந்துச்சு. வீட்டுல போயிப் பிரிச்சா அரளி. அரளி என்னைக்குங்க மல்லி வாசம் அடிச்சுச்சு?"

நான் ஏரியைப் பார்த்தேன்.

"அதுவும் கோயிலுக்கு வாழைநாருல போன பொட்டணம், திரும்பி வந்து மோட்டார் நூல் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு. நீங்க அரளி பறிச்சீகளே, ஆச்சி வீட்டு ஜன்னலுக்கு நேரா நின்னுல்ல எக்கி எக்கிப் பறிச்சீக? நானும் ஆச்சியும் காபி குடிச்சிக்கிட்டே பாத்தோம். 'தம்பிக்கு முட்டிவலி சரியாப் போச்சு போலயே'ன்னு ஆச்சி சந்தோஷப்பட்டாக."

"அப்பவே சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீகளா? ஏன் இந்த ஊருன்னு கேட்டா காபின்னீக. காபிக்காக எவனாச்சும் அருவா வச்சிருக்கிற சாமிகிட்டக் கள்ளாட்டம் ஆடுவானா? இந்த ஊருல இந்த மனுஷனுக்கு என்ன வேலைன்னு எனக்கு ஒரே ரோசனை. என்னமோ ஏதோ, எதுக்கும் கூட நாலு ஆளு இருக்கட்டும்னுதேன் அனுசுயாவ வரச் சொன்னேன்."

"நாலு ஆளு!" என்றேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"இன்னொண்ணு தெரியுமா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "சிங்கப்பூர்ல அனுசுயா வீடு இன்னைக்குப் பூட்டிக் கெடக்கு. லீவுக்கு நாங்க நாலு நாளு வெளியூர் போறோம்க்கா, நீயும் அத்தானும் வந்து வீட்டுல தங்கிக்கங்க, ஒரு தொந்தரவும் இருக்காதுன்னு அவதேன் சொன்னா. உச்சி மாடியாம். ஜன்னலைத் தொறந்தா கப்பல் போறது தெரியுமாம். நாம ரெண்டு பேரும் காபியைக் கையில வச்சுக்கிட்டு ஒக்காந்து பாக்கலாம்னு நெனச்சிருந்தேன். அதைச் சொல்லத்தேன் வந்தேன். வாயைத் தொறக்க விட்டீகளா?"

நான் எதற்காகக் கருப்பரையே ஏமாற்றினேனோ, அதை இவள் எனக்கு முன்னாலேயே எடுத்து வைத்துக் காத்திருந்திருக்கிறாள். ஆளில்லாத வீட்டை விட்டுவிட்டு, ஆள் இல்லாத ஊரில் ஆளைக் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறேன். அதுவும் என் சொந்தக் கையால் பொட்டணம் கட்டி. சே, என்ன பிழைப்பு!

இதற்குமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது?

"நாச்சியா, எனக்குக் காபியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். உன்கூடத் தனியா நாலு நாளு இருக்கணும்னு ஆசை. அந்தப் படகுல நீயும் நானும் மட்டும் போகணும். அம்புட்டுத்தேன்."

சொல்லிவிட்டேன். கொடைக்கானலில் சொல்லியிருக்க வேண்டியதை ஹனோயில் சொல்லிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இம்புட்டுத் தூரம் பறந்து வரணுமாக்கும்? காரைக்குடியிலயே சொல்லிருந்தா நான் பக்கத்து ஊரு கண்டனூருக்குக்கூட வந்திருப்பேனே," என்றாள். என் கையைப் பிடித்தாள். ஏரிக்கரையில், நாலு பேர் பார்க்க, என் நாச்சியார் என் கையைப் பிடித்தாள்!

"எந்திரிங்க. படகுல போவோம்," என்றாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு தப்புக்கும் அப்புறம் கருப்பர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அனுசுயாவும் சகலையும் சீட்டோடு வந்தார்கள். அனுசுயாவின் காதில் நாச்சியார் ஏதோ சொன்னாள். ரெண்டு பேரும் தலையில் இருந்த சிவப்பு ரோஜாவை எடுத்து எதையோ செய்துகொண்டிருந்தார்கள். நான் அதைப் பெரிசாகக் கவனிக்கவில்லை. என் கண்ணெல்லாம் அன்னத்தின் மேலேயே இருந்தது.

முதல் ஆளாக ஏறினேன். இடது பக்கம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தேன். நாச்சியார் ஏறுவதற்காகத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினேன். ஒரு கை வந்து பிடித்தது. கை கனமாக இருந்தது. மயிர் அடர்ந்த கை. வாட்ச் கட்டியிருந்தது.

"நகருங்க அண்ணே. இந்தப் பெடலை மிதிக்கிறதுல ஒரு டெக்னிக் இருக்கு, நான் சொல்றேன்," என்றார் சகலை.

பதறிப்போய்த் திரும்பினேன். இன்னொரு அன்னத்தில் நாச்சியாரும் அனுசுயாவும் ஏறி, அது பாதி ஏரிக்குப் போய்விட்டது. நாச்சியார் அங்கிருந்து கையை ஆட்டிச் சத்தம் போட்டாள்.

"ஒங்ககூட நானா, ஒங்க சகலைத் தம்பியான்னு பூக்கட்டித்தேன் பாத்தேன்ங்க! நான் வெள்ளை, தம்பி சிவப்பு. ரெண்டு பொட்டணத்துலயும் சிவப்பாவே வந்துச்சு!"